பல்லியும் பட்டாவும்

சித்தப்பா மகளுக்கு எஸ்.எஸ்.பி., அதாவது ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பெங்களூரு வாரியம், அடுத்த மாதம். அதற்கு முந்தைய படியான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறியதைக்கூட யாரிடமும் மூச்சு விடாதவள், அழைப்புக் கடிதம் வந்த அன்று இரவு பத்தரை மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, உங்களிடம் இருக்கும் நோட்டுகளை எல்லாம் அனுப்புங்கள்" என்றாள்.

நோட்டுகள் இல்லை. ஒரு காலத்தில் நான்கு இருந்தன, 192 பக்க நீள நோட்டுகள். மூன்றாவது முறைக்குக் கிளம்புவதற்கு முன்பு பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அதைச் சொன்னதும் மறுமுனையில் அமைதி. பிறகு, "அப்படியென்றால் கதைகளையாவது சொல்லுங்கள். பயிற்சி மையத்தில் ஐம்பது கதை கொடுத்திருக்கிறார்கள், போதுமா என்று தெரியவில்லை" என்றாள்.

எஸ்.எஸ்.பி.யில் ஒரு படத்தைக் காட்டி அதற்குக் கதை எழுதச் சொல்வார்கள். பயிற்சி மையத்தின் அந்த ஐம்பது கதைகளும் எனக்குத் தெரியும். எல்லாவற்றிலும் ஒரே நாயகன். ஊரில் வெள்ளம் வரும், அவன் இளைஞர்களைத் திரட்டுவான், முகாம் அமைப்பான், ரத்த தானம் செய்வான், கடைசியில் ஆட்சியர் கையால் விருது வாங்குவான். படத்தில் ஒரு கிழவி கதவோரம் உட்கார்ந்திருந்தாலும் வெள்ளம் வரும். இரண்டு பேர் படகில் போனால் கேட்கவே வேண்டாம். அவளுக்குத் தொலைபேசியில் சொன்னது பாதி, சொல்ல விட்டுப்போனது பாதி என்று இதை எழுதுகிறேன்.

முதலில் என் கணக்கு. மூன்று முறை போனேன். 2014-ல் போபால்: முதல் நாளிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2015-ல் பெங்களூரு: ஐந்து நாளும் இருந்தேன், கடைசி நாள் தேறியவர்களின் எண்களைப் படித்தபோது என் எண்ணைப் படிக்கவில்லை. 2016-ல் அலகாபாத் (அப்போது அதுதான் பெயர்): பரிந்துரைக்கப்பட்டேன், மருத்துவப் பரிசோதனையிலும் தேறினேன், மெரிட் பட்டியலில் என் எண் இல்லை. ஓ.டி.ஏ. என்னும் பறங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர எழுத்துத் தேர்வுக்கு 200, எஸ்.எஸ்.பி.க்கு 200 மதிப்பெண். ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும்தானே, கணிதம் கிடையாதே என்று எழுத்துத் தேர்வை அலட்சியமாக எழுதியதன் பலன். அதற்குள் வயது வரம்பும் தாண்டிவிட்டது. ஆகவே இதை எழுதுகிறவன் ராணுவ அதிகாரி அல்ல, அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். பறங்கிமலை வழியாக மின்ரயிலில் போகும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன், அவ்வளவுதான்.

எஸ்.எஸ்.பி. என்றால் நேர்காணல் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நேர்காணல் அதில் ஒரு பங்கு. மொத்தம் ஐந்து நாள். உளவியலாளர் ஒருவர் நம்மைப் பார்க்காமலே எழுத்தை மட்டும் படிக்கிறார். ஜி.டி.ஓ. என்னும் குழுப்பணி அதிகாரி மைதானத்தில் பார்க்கிறார். நேர்காணல் அதிகாரி பேச வைத்துப் பார்க்கிறார். கடைசி நாள் எல்லோரும் கூடும் மாநாடு வரையில் மூவரும் தங்கள் முடிவை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. மனம், வாக்கு, காயம் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதாக வாரியத்திலேயே சொல்வார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் திரிகரண சுத்தி என்பார்களே, அதேதான். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942-ல், குடும்பப் பெருமையையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் பார்த்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பது சரிப்படவில்லை என்று பிரிட்டிஷ் ராணுவம் இந்த முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே டேராடூனில் அதன் இந்திய வடிவம் தொடங்கியது. பஸ் ஓட்டுநரின் மகனான எனக்கு இந்த வரலாறு பிடித்திருந்தது. ஆனால் அது எனக்குப் புரிந்தது வெகு காலம் கழித்து.

போபாலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. காலையில் ரயில் நிலையத்திலிருந்து ராணுவ பஸ்ஸில் அழைத்துப்போனார்கள். மார்பில் எண் எழுதிய துணியைக் கட்டிவிட்டார்கள். முதலில் அறிவுத்திறன் தேர்வு. பிறகு திரையில் மங்கலான ஒரு படம், முப்பது விநாடி. படத்தில் எத்தனை பேர், என்ன வயது, என்ன மனநிலை என்று குறித்துக்கொண்டு நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். ஒருவர் குனிந்திருக்க, இன்னொருவர் பக்கத்தில் நிற்பதுபோல் எனக்குத் தெரிந்தது. நான் வெள்ளத்தைக் கொண்டுவந்துவிட்டேன். அதன் பிறகு வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு நிமிடம் கதையைச் சொல்லி, எல்லோரும் பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். "தொடங்கலாம்" என்று சொல்லப்பட்ட அடுத்த நொடி பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். மீன்சந்தை என்பார்கள் பழகியவர்கள். எங்கள் குழுவில் ஏழு வெள்ளம் வந்திருந்தது. ஏழு பேரும் வெள்ளத்துக்காகச் சண்டை போட்டோம். மதியம் முடிவு படித்தார்கள். மாலையில் நான் மறுபடியும் ரயில் நிலையத்தில் இருந்தேன். முதல் முறை போகிறவர்களுக்கு மூன்றடுக்கு ஏ.சி. ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அரசாங்கம் என்மீது நம்பிக்கை வைத்திருந்தது.

ஊருக்கு வந்து நான்கு நோட்டுகளையும் நிரப்பினேன். வேளைக்கு ஐந்து கதை, நாளைக்கு அறுபது சொல். அப்போதுதான் தமிழ்வழியில் படித்தவனின் சிக்கல் புரிந்தது. தங்கையிடம் இதைத்தான் நிறைய நேரம் பேசினேன், அவளும் தமிழ்வழிதான்.

சொல் சோதனையில் திரையில் ஒரு சொல் வரும். பதினைந்து விநாடிக்குள் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அடுத்த சொல் வந்துவிடும். அறுபது சொல், இடைவெளி இல்லாமல். எனக்கு 'தோல்வி' என்ற சொல் ஆங்கிலத்தில் வந்ததும் மனம் தமிழில் 'தோல்வியே வெற்றியின் முதல் படி' என்று எடுத்துக் கொடுக்கும். அதை ஆங்கிலமாக்க ஐந்து விநாடி, எழுத்துப்பிழை பார்க்க மூன்று விநாடி. எழுதி முடிக்கும்போது அடுத்த சொல் பாதி ஓடியிருக்கும். சரி, ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்து நாளிதழ் படித்தேன், சத்தமாகப் படித்தேன், அகராதியைப் புரட்டினேன். முன்னேற்றம் இருந்தது, போதுமான அளவுக்கு இல்லை.

பிறகு ஒரு நாள் அக்கா கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொற்களைப் படிக்க, நான் எழுதிக்கொண்டிருந்தேன். 'கயிறு' என்று வந்தது. கிணற்றடிக் கயிறு நைந்துபோனால் நான் நடுவில் முடிச்சுப் போடுவேன் என்ற பொருளில் ஆறு சொல்லில் எழுதிவிட்டு நிமிர்ந்தால், இன்னும் எட்டு விநாடி மீதி இருந்தது. எழுதியதைத் திரும்பிப் பார்த்தேன். உயர்ந்த கருத்து எழுதிய இடத்தில் எல்லாம் கை தாமதித்திருந்தது. கண்ணால் பார்த்ததை எழுதிய இடத்தில் எல்லாம் ஆங்கிலம் தானாக வந்திருந்தது. பழமொழியும் பொன்மொழியும் தமிழில் சேர்ந்து கிடப்பவை, அவற்றைப் பெயர்த்தெடுக்கத்தான் நேரமாகிறது. கிணற்றுக் கயிற்றுக்குச் சின்னச் சின்னச் சொற்கள் போதும். ஆகவே தங்கையிடம் சொன்னேன்: உனக்குத் தெரிந்த பொருளை, தெரிந்த ஆளை, செய்த வேலையை எழுது. இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. படிக்கிற உளவியலாளர் முதல் படியையும் கடைசிப் படியையும் ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருப்பார்.

படக் கதைச் சோதனையிலும் இதே சூட்சுமம்தான். பதினொரு படம், பன்னிரண்டாவது வெற்றுத் திரை. 1935-ல் ஹார்வர்டில் மர்ரேயும் மார்கனும் உருவாக்கிய முறையிலிருந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் முப்பது விநாடி பார்வை, நான்கு நிமிட எழுத்து. ஏன் நிறுத்தாமல் பன்னிரண்டு என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். நான்காவது, ஐந்தாவது படத்தோடு மனப்பாடம் தீர்ந்துவிடும். கை வலிக்கும். அதன் பிறகு எழுதுவது நாம்தான், நம் வீட்டுச் சண்டைதான், நம் பயம்தான். இந்த இடத்தில் ஐம்பது கதை இருந்தால் என்ன, ஐந்நூறு இருந்தால் என்ன.

சூழ்நிலைச் சோதனை: அறுபது சூழ்நிலை, அரை மணி நேரம். பாம்பு கடித்துவிட்டது, அவன் என்ன செய்தான் என்ற வகை. பயிற்சி மையங்களின் நாயகன் கட்டுப் போட்டு, பாம்பைப் பிடித்து, மருத்துவமனைக்குப் போய், திரும்பிவந்து வேலையையும் முடித்து, மாலையில் கால்பந்து ஆடுவான். இதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

மைதானத்துக்கு வருகிறேன். பெங்களூருவில் மூன்றாம் நாள் காலை குழுப்பணி தொடங்கியபோது எனக்குப் பக்கத்தில் நின்ற வடநாட்டுப் பையன், "பல்லி கொடு, பல்லி கொடு" என்று கத்தினான். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். இன்னொருவன் "பட்டா எங்கே, பட்டா எங்கே" என்று பரபரத்தான். நிலத்துக்குப் பட்டா கேட்கும் இடமா இது என்று விழித்தேன். பல்லி என்றால் அங்கே உருளைக் கட்டை, பட்டா என்றால் பலகை. கூடவே ஒரு கயிறு, ஒரு சுமை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தரையில் கால் படாமல், சிவப்பு வண்ணம் பூசிய இடத்தைத் தொடாமல், சுமையையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். நான்கு அடிக்கு மேல் இடைவெளி இருந்தால் தாவக் கூடாது. தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் நடுவில் இருக்கும் தரையைப் பாதாளம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

பலகை எட்டாத தூரத்துக்கு அதைப் பாதி வெளியே நீட்டி, பின்முனையில் ஒருவர் பாரமாக உட்கார, இன்னொருவர் முன்முனை வரை நடந்துபோய் அடுத்த கட்டத்தைத் தொடுவார். இது எல்லா இடத்திலும் வரும். பெங்களூருவில் அந்தப் பாரம் நான். "நீ உட்கார்" என்றார்கள், உட்கார்ந்தேன். எட்டு பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் கடைசி ஆளாகக் கடந்தேன். அடுத்த தடையிலும் "நீ உட்கார்". அதற்கடுத்த தடையிலும் கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன். கூட இருந்தவர்கள் தோளில் தட்டி நல்ல பையன் என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமை, போபாலில் கத்தியவன் இப்போது எவ்வளவு பண்பட்டுவிட்டான் என்று.

அன்று மாலை நேர்காணல். அதற்கு முன்பு ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும், பி.ஐ.க்யூ. என்பார்கள். ஊர், படிப்பு, மதிப்பெண், பெற்றோர் தொழில், விளையாட்டு, பொழுதுபோக்கு, வகித்த பொறுப்புகள். நேர்காணல் அதிகாரியின் கேள்விகள் பெரும்பாலும் அந்தத் தாளிலிருந்துதான் முளைக்கும். நான் அதைப் பத்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு, அண்டை நாடுகளின் படைபலத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி ஒரு கர்னல். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்கள் அப்பா பஸ் ஓட்டுநர் இல்லையா?"

"ஆமாம் சார்."

"ஒரு லிட்டர் டீசலுக்கு அவர் வண்டி எவ்வளவு தூரம் ஓடும்?"

"தெரியாது சார்."

"காலையில் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவார்?"

"நான் எழுந்திருப்பதற்கு முன்பே போய்விடுவார் சார்."

"வேலையில் அவருக்குப் பிடிக்காதது எது?"

நான் எதையோ இட்டுக்கட்டிச் சொன்னேன். போக்குவரத்து நெரிசல் என்று சொன்னதாக நினைவு. அவர் தலையை அசைத்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போனார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. அறையை விட்டு வெளியே வந்து நடைபாதையில் நின்றபோதுதான் உறைத்தது. பிரமோஸ் ஏவுகணை அந்நாளில் 290 கிலோமீட்டர் போகும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் பஸ் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்று தெரியாது.

ஐந்தாம் நாள் மாநாடு. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுகிறார்கள். வளைந்த மேசையைச் சுற்றி எல்லா அதிகாரிகளும் சீருடையில் இருக்கிறார்கள். தங்குமிடம் எப்படி, ஏதாவது ஆலோசனை உண்டா என்று இரண்டு கேள்வி, ஒரு நிமிடம்தான். பிறகு எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து எண்களைப் படித்தார்கள். இரண்டு எண். இரண்டும் என்னுடையது அல்ல. மார்பு எண்ணைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம். ஐந்து நாளில் உயிர்த் தோழர்களாகிவிட்ட முப்பது பேர் இருந்த அந்த பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் அப்பாவிடம் கேட்டேன். உளவியல் சோதனையின் கடைசியில் தன்விவரம் என்று ஒரு பகுதி உண்டு. பெற்றோர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீ என்ன நினைக்கிறாய், எப்படிப்பட்டவனாக ஆக விரும்புகிறாய் என்று பதினைந்து நிமிடத்தில் எழுத வேண்டும். இரண்டாம் முறை நான் 'என் பெற்றோர் என்னைப் பொறுப்பானவன் என்று கருதுகிறார்கள்' என்று எழுதியிருந்தேன். அவர்களைக் கேட்காமலேயே.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து காக்கிச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை அம்மாவிடம் தரமாட்டார். "அப்பா, என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமல், "எதற்கு?" என்றார். தேர்வில் கேட்கிறார்கள் என்றேன். பித்தானின் நான்கு துளையிலும் நூலைக் கோத்து, அடியில் மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்த பிறகு சொன்னார்:

"சொன்னதைச் செய்வாய். சொல்லாததைச் செய்யமாட்டாய்."

திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. சட்டையை உதறி மாட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பெங்களூரு மைதானத்தில் பலகையின் முனையில் உட்கார்ந்திருந்தேன், மறுபடியும்.

வாரியத்தார் தேடுவதாகச் சொல்லும் அதிகாரிக்குரிய குணங்கள் பதினைந்து. அந்தப் பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று நிறத்தில் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒன்று, யாரும் ஏவாமல் தானே முன்வந்து தொடங்குவது. பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார்கள் அதைப் பற்றி. அப்பா பித்தான் தைக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார்.

அந்த மாதத்தில் இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, அப்பாவுடன் பஸ்ஸின் காலை முதல் நடைக்குப் போனேன். நாலே முக்காலுக்கு பணிமனையில் இருக்க வேண்டும். டயரை எல்லாம் கட்டையால் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் ஏறினார். ஓட்டுநர் இருக்கைக்கு இடப்பக்கம் உட்கார்ந்து நாள் முழுவதும் பார்த்தேன். நிறுத்தம் வருவதற்கு இருநூறு மீட்டர் முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். பஸ் தானாக உருண்டுபோய் நிற்கும். டீசல் மிச்சம். லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் வந்தால் பணிமனையில் பேச்சு இல்லை, ஐந்துக்குக் கீழே போனால் மேலாளர் கூப்பிடுவார் என்றார். வேலையில் அவருக்குப் பிடிக்காதது நெரிசல் அல்ல. கடைசி நடையில் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் கண்ணாடியில் ஓடிவருவது தெரிந்தும் நிறுத்த முடியாமல் போகும் நாட்கள்.

இரண்டாவது, எங்கள் நிறுத்தத்தில் நேரப் பலகை கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் டீக்கடையில்தான் கேட்பார்கள். நடத்துநர்களிடம் கேட்டு நேரங்களைக் குறித்து, ஒரு தகரத்தில் வெள்ளை அடித்து, கறுப்பு பெயின்டில் எழுதி மாட்டினேன். யாரும் சொல்லவில்லை. இரண்டு நேரம் தவறு. ஓர் அம்மா நாற்பது நிமிடம் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்கே வந்து வாங்கு வாங்கென்று வாங்கினார். மறுநாள் திருத்தினேன்.

மைதானத்துக்கும் தனியாகத் தயாரானேன். பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டு, வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சென்டரிங் பலகையும் சவுக்குக் கட்டையும் எடுத்துக்கொண்டு நண்பர்கள் மூவரோடு செங்கல் அடுக்குக்கு அடுக்கு தாவினோம். பலகையை எவ்வளவு வெளியே நீட்டினால் எத்தனை எடை தாங்கும் என்பது புத்தகத்தில் படித்தால் ஏறாது. ஒரு தடவை கவிழ்ந்து விழுந்தால் ஏறும். சாரம் கட்டுகிற ஒருவர்தான் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு கட்டையையும் சேர்த்து நான்கு சுற்று. எல்லோரும் அதோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள், அதனால்தான் நழுவுகிறது. நான்கு சுற்றுக்குப் பிறகு கயிற்றை இரண்டு கட்டைக்கும் நடுவில் நுழைத்து, போட்ட சுற்றுகளுக்குக் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தால், முன்பு சுற்றியதெல்லாம் இறுகிக் கட்டை முனகும். அந்த முனகல் கேட்ட பிறகுதான் முடிச்சு. தங்கைக்கு இதைக் காணொளியில் செய்து காட்டினேன், குளியலறைத் துடைப்பக் கட்டைகளை வைத்து.

அலகாபாத்தில் அரைக்குழுப் பணி. குழுவை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அப்பால் அனுப்பிவிடுவார்கள். நாங்கள் நான்கு பேர். பல்லியையும் பட்டாவையும் சேர்த்துக் கட்டி நீளமாக்கினால்தான் எட்டும். ஒருவன் வேகமாகக் கட்டிவிட்டான், இன்னொருவன் ஏறக் காலைத் தூக்கிவிட்டான். கட்டு முனகவில்லை. "நிறுத்து" என்று சொல்லிவிட்டு, அவிழ்த்து, முதலிலிருந்து கட்டினேன். ஒன்றரை நிமிடம் போயிற்று. கட்டியவனுக்குக் கோபம். எங்கள் பாதியால் அந்தப் பணியை முடிக்க முடியவில்லை, நேரம் முடிந்தபோது இரண்டு பேர் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். ஜி.டி.ஓ. ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டார்.

தனியாள் தடைகள் பத்து, மூன்று நிமிடம், ஒன்று முதல் பத்து வரை புள்ளிகள். ஏழு முடித்தேன். ஓடிப் பழகி, கயிறு ஏறப் பழகினால் யாருக்கும் வரும். அதைப் பற்றித் தங்கை கவலைப்படுவதில் பொருளில்லை, அவள் என்.சி.சி.யில் என்னைவிட வேகமாக ஓடுகிறவள்.

மூன்றாவது நேர்காணலில் அப்பாவைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. ஐந்தரை என்ற எண்ணை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று: "இரண்டு முறை திரும்பிப் போயிருக்கிறீர்கள். ஏன் என்று நினைக்கிறீர்கள்?" ஆங்கிலத்தைத் தேடாமல் அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். "சரி, அதற்குப் பிறகு?" என்றார். நேரப் பலகையைச் சொன்னேன். இரண்டு நேரம் தவறியதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எந்த இரண்டு?" என்றார். சொன்னேன்: ஒன்பது ஐம்பது, இரண்டே கால். முக்கால் மணி நேரம் ஓடிய அந்தப் பேச்சில் பாதி பஸ்ஸைப் பற்றியே போயிற்று.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தங்கை, "அப்படியென்றால் நானும் ஒரு பலகை எழுத வேண்டுமா?" என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். பெண்கள் 1992 முதல் அந்த அகாடமியில் பயிற்சி பெறுகிறார்கள், அதே சோதனைகள், அதே பல்லி, அதே பட்டா. அவளுக்கு என்ன கேட்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? படிவத்தை ஒரு தாளில் நகல் எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உன்னை நீயே ஐந்து கேள்வி கேட்டுப் பார், 'வகித்த பொறுப்புகள்' கட்டம் காலியாக இருந்தால் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, சித்தப்பாவிடமும் சித்தியிடமும் உன்னைப் பற்றிக் கேள் என்று சொல்லி வைத்தேன்.

நேற்று கூப்பிட்டாள். சித்தியைக் கேட்டாளாம். சித்தி அரிசி களைந்துகொண்டே, "கோபம் வந்தால் சாப்பிடமாட்டாய், போர்க்களத்தில் யார் உன்னைக் கெஞ்சுவார்கள்?" என்றாராம். அதை அப்படியே எழுதலாமா என்று கேட்டாள்.

"சித்தப்பா என்ன சொன்னார்?"

"நான்கு நாளாகிறது அண்ணா. யோசித்துச் சொல்கிறேன் என்றவர் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்."